பூட்டிய அறையும் வாகை மரமும்

3 செப்டம்பர் 2006, ஞாயிறு

வாகை மரத்துக்கு இன்று முடிவு கட்டிவிட்டேன். கட்டியது நான்தான். என் வீட்டுக்காரர் வெங்கடேசனை நம்பியிருந்தால் அது பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் அறை வரிசைக்கும் மரத்துக்கும் நடுவே ஓர் ஆள் புகுந்து போகத்தான் இடம். போன மழையிலிருந்து மரம் மூன்றாவது அறைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. வேர் கிளம்பித் தரை வெடித்திருக்கிறது. இவரிடம் சொன்னால், "மழ முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்கிறார்.

"மழ வந்தா மரம் அப்பால போவாதுய்யா, இப்பாலதான் வரும்" என்றேன். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதுதான் சம்மதம்.

7 செப்டம்பர்

மணிமங்கலத்திலிருந்து மரம் வெட்டும் தாண்டவராயன் வந்தார். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெண் பார்க்க வந்தவர்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்.

"அடியோட அறுத்தா வூட்டு மேலதான் குந்தும். மேலேர்ந்து கெள கெளயாக் கயிறு கட்டி எறக்கணும். அடிமரத்த மட்டும் கொல்லப் பக்கம் வடம் போட்டு இழுத்துச் சாய்ச்சிக்கலாம்."

"சாயுமா?"

"சாயும்மா. ஆனா அன்னிக்கி ரூம்ல ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது."

அது என் பொறுப்பு என்றேன்.

10 செப்டம்பர்

கரண்ட் ஆபீஸ் லைன்மேனைப் பார்த்தாயிற்று. மரம் வெட்டும் புதன்கிழமை வந்து ஒயரைக் கழற்றிவிடுவார். என் வீட்டுக்காரரும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டார். அதிசயம்.

12 செப்டம்பர்

பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பகல் ஷிப்ட் பெண்கள் எப்படியும் காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். நைட் முடித்து வருகிறவர்கள் நாளை எங்கள் கூடத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். பாயெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் அறையில் இருக்கும் சுகப்பிரியாவும் பாண்டிச்செல்வியும் பகல் ஷிப்ட். அந்த அறைக்குக் கவலையில்லை. எனக்கு எதுவும் விட்டுப்போகாது.

13 செப்டம்பர், புதன்

எப்படி எழுதுவது. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் அறை அறையாகப் பார்த்தேன். மூன்றாம் அறையில் வெளியே பூட்டு. இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பூட்டைப் பார்த்தால் யார்தான் நினைக்க மாட்டார்கள்?

கிளைகள் எல்லாம் பூப்போல இறங்கின. தாண்டவராயன் மேலே நின்று கயிறு கட்டி அறுக்க, கீழே அவர் ஆட்கள் மெல்ல விட்டு இறக்கினார்கள். ஓர் ஓடுகூட நகரவில்லை. எனக்கு ஒரே பெருமை, எல்லோருக்கும் மோர் கலக்கிக் கொடுத்தேன். பிறகு அடிமரம். கொல்லைப் பக்கம் வடத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் வாய் வெட்டி, பின்பக்கம் ரம்பம் போட்டு, பாதிக்கு மேல் அறுத்தாயிற்று.

அப்போது பூட்டிய அறைக்குள் டைம்பீஸ் அடித்தது; யாரோ அமர்த்தியதுபோல் நின்றது.

தாண்டவராயன் ரம்பத்தை நிறுத்தினார். "இன்னாமா இது? உள்ள ஆள் கீதா?"

பிறகுதான் தெரிந்தது. பாண்டிச்செல்விக்கு நேற்று ராத்திரி திடீரென்று ஷிப்ட் மாற்றிவிட்டார்களாம். நான் லைன்மேனை அழைக்கப் போன நேரத்தில், சுகப்பிரியா கிளம்பும் முன்பே நைட் முடித்து வந்து, கூடத்துக்கு வர வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் படுத்திருக்கிறாள். தூங்குகிறவளை யாரும் கதவு தட்டி எழுப்பக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவள் வெளியே பூட்டிக்கொண்டு போவது இந்தப் பெண்களின் வழக்கமாம். மதியம் டைம்பீஸ் வைத்து எழுந்து மெஸ் சோற்றை ஜன்னலில் வாங்கிக்கொள்வார்களாம். சாவி சுகப்பிரியாவோடு கம்பெனிக்குப் போய்விட்டது. அங்கே வேலை செய்யும் லைனுக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள்.

காற்று வேறு எழுந்தது. மரம் ‘கிறீச்’ என்றது.

"யாரும் கிட்டப் போவாதீங்க! டேய், வடத்த வுட்றாதீங்கடா!" என்று தாண்டவராயன் கத்தினார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு ஓடினேன். ஐயோ, எப்படி ஓடுனேன்னு எனக்கே தெரியல — அங்க கெடந்த கடப்பாரையைப் பூட்டு மாட்டுன கொண்டிக்குள்ள வுட்டு நெம்பினேன், வரல, மறுபடி நெம்பினேன், பெயர்ந்து வந்துச்சு.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தூக்கம் தெளியாமல். "யக்கா, மெஸ்ஸுல சோறு தீந்துட்டா?" என்றாள்.

முடியைப் பிடித்தேனா கையைப் பிடித்தேனா, இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

தாண்டவராயன் சொன்னபடி மரம் கொல்லையில்தான் விழுந்தது. ஆனால் அடிமரத்துக்குள்ளே பொந்து விழுந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. அடிக்கட்டை பின்னால் எகிறி மூன்றாம் அறைச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டது. செங்கல் எல்லாம் அவள் பாயின் மேல் கிடந்தது. தலைமாட்டில்.

14 செப்டம்பர்

கை வலிக்கிறது. இவர் காபி போட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

15 செப்டம்பர்

பாண்டிச்செல்வி வந்து அடுப்பங்கரை வாசலில் நின்றாள். அவளுடைய அம்மாவுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சொல்வதுதானே முறை?

"யக்கா, ஒங்க கால்ல விழுதேன், எங்கம்மைக்குச் சொல்லிராதீங்க. சொன்னா மறுபஸ்ஸுலயே கூட்டிட்டுப் போயிருவா. நான் திரும்ப வரவே முடியாது."

"உன் தலமேல செவுரு வுழுந்திருக்கும்டீ."

"விழலைல்லாக்கா. வேலை போனா நெசமாவே போயிரும்."

சரி என்றேன். அது சரிதானா என்று தெரியவில்லை.

24 செப்டம்பர்

சுவர் எழுப்பிப் பூசியாயிற்று. இனி என் வீட்டில் ஆளை உள்ளே வைத்து வெளிப்பூட்டு கிடையாது. முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். தூங்குகிறவள் கதவை எவனாவது தட்டினால் என்னிடம் சொல்லுங்கள், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

22 அக்டோபர், தீபாவளிக்கு மறுநாள்

பாண்டிச்செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் அம்மா மாடத்தி முறுக்கும் அதிரசமும் தூக்கிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். என் வயதுதான் இருக்கும். மகள் இருக்கும் அறையைப் பார்த்தாள், புதுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். மதியம் இரண்டு பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

"நல்ல நெழலுள்ள மரம் நின்னுச்சாமே" என்றாள் மாடத்தி. "பகல்ல ஒறங்குத புள்ளைக்கு வெக்க அடிக்குமே தாயி. எதுக்கு வெட்டுனிய? அது நின்னா எம்மவ நிம்மதியா ஒறங்குவாள்லா?"

பாண்டிச்செல்வி இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. இவர் என்னைப் பார்த்தார். ஊரில் எனக்கு வாயாடி என்று பேர். பஞ்சாயத்து ஆபீஸில் நான் நுழைந்தால் கிளார்க் பின்பக்கமாகப் போய்விடுவார்.

"ஆமாக்கா, நெழல் போச்சுதான்" என்று சொல்லி, அவள் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.