சிலையின் மடியில் பிள்ளைகள்

ஞாயிறு, ஆகஸ்ட் 1979. குனோங் ராபாட், மலேசியா.

ஜெர்மன் சிற்பி ஹான்ஸ் ஐயா செய்த சிலையை இன்று செமோரில், எங்கள் தேவாலய முற்றத்தில் திறந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய களைப்பில் உட்கார்ந்திருக்கும் பெண். என் கைகளை மட்டும்தான் பார்த்துச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். துணியை இழுத்ததும் அண்ணி கத்திவிட்டார்.

"மேரி, உன் மூஞ்சிதான்லா இது!"

வெட்கத்தில் அண்ணியின் பின்னால் ஒளிந்தேன்.

அதற்குள் பிள்ளைகள் சிலையின் மடியில் ஏறிவிட்டார்கள். அதட்டப் போனேன். ஐயா தடுத்தார். ஆயுள் முழுக்கத் தன் ஊரில் தளபதிகளுக்குச் சிலை செய்தவர். அவற்றில் பாதியைப் போரில் ஆயுதம் செய்ய உருக்கிவிட்டார்களாம்.

"விடு மேரி," என்றார் தன் அரைகுறை மலாயில். "என் தளபதிகள் மேல ஒரு பிள்ளையும் ஏறுனதில்ல."

பிறகு, எழுபது வயதில், அவரே ஏறப் பார்த்தார். அண்ணியும் நானும் கையைப் பிடித்து இறக்கினோம். மூன்று பேருக்கும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.