கழிக்காமல் விட்ட பத்து சென்டிமீட்டர்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அது இந்த வீட்டில் யார் பேச்சையும் கேட்பதில்லை என்பதால் அதைச் சேர்க்காமல் சொல்கிறேன். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அன்றிலிருந்து வீட்டில் தூசி அதிகமாகிவிட்டது, காலையில் எழுந்தால் ஒரு துணியை என் கையில் திணித்துவிட்டு இங்கே பாருங்க, அங்கே பாருங்க என்று விரட்டுகிறாள். நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் சௌக்கியம் என்று போன வாரப் பேச்சிலேயே தெரிந்துகொண்டேன், அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ அதற்குள் பதில் சொல்லிவிடுவாய், உன் அம்மா பின்னாலிருந்து திருத்தம் சொல்வாள், நான் சொல்ல வந்தது நடுவில் மாட்டி நசுங்கிப்போகும். எழுதினால் யாரும் குறுக்கே வர முடியாது. உன் அம்மா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுவாள். விஷயம் இதுதான். நம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வரலாற்றிலேயே தலைசிறந்த வீரர் நீதான் என்று முடிவு செய்து, புதிதாகக் கட்டிய உள்ளரங்கத்துக்கு உன் பெயரை வைக்கப் போகிறார்கள். உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டாதே, முழுவதும் படித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள். உன் நீளம் தாண்டுதல் சாதனையில் ஒரு கோளாறு இருக்கிறது, அதற்குக் காரணம் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. உள்ளரங்கம் கட்டி முடித்த பிறகுதான் அதற்குப் பெயர் வைக்க மறந்துபோனது யாருக்கோ ஞாபகம் வந்தது. உடனே ஒரு குழு போட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர், கணக்குப் பேராசிரியர், பதிவாளர், பழைய மாணவர் சங்கச் செயலாளர், நால்வரில் ஒருவராவது மைதானத்தின் மண்ணை மிதித்தவர் இல்லை, செருப்பில் ஒட்டும் என்று சுற்றிக்கொண்டு போகிறவர்கள். பழைய பதிவேடுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாததால், முப்பத்திரண்டு வருஷம் விளையாட்டுத் துறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற என்னைச் சிறப்பு அழைப்பாளர் என்று கூப்பிட்டார்கள். சிறப்பு அழைப்பாளர் என்றால் நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. முதல் கூட்டத்தில் வரலாற்றுப் பேராசிரியர், வரலாறு என்றால் என்ன என்பதை முதலில் முடிவு செய்யாமல் ஒரு அடி நகர முடியாது என்றார், நகரவில்லை. இரண்டாம் கூட்டத்தில் சதுரங்க வீரரைச் சேர்க்கலாமா என்று பதிவாளர் ஆரம்பித்தார், உட்கார்ந்தே ஆடுகிறவன் எப்படி வீரன் ஆவான் என்று கேட்டார், அப்படிப் பார்த்தால் கோல்கீப்பர் பாதி நேரம் சும்மா நின்னுக்கிட்டுதானே இருக்கான் என்று செயலாளர் கேட்க, அதோடு டீயும் பிஸ்கட்டும் வந்து கூட்டம் முடிந்தது.

செயலாளர் தன் காலத்துக் கால்பந்து கேப்டனுக்காக விடாப்பிடியாக நின்றார். மூன்று இறுதிப் போட்டிகளில் கோல் போட்ட ஒரே ஆள் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். நான் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன், போட்டது உண்மைதான், ஆனால் அதில் ஒன்று நம் கோலுக்குள்ளேயே போட்டது. இந்த அக்கப்போரெல்லாம் வேண்டாம், அறிவியல் முறைப்படி போவோம் என்று கணக்குப் பேராசிரியர் ஒரு சூத்திரம் எழுதிக்கொண்டு வந்தார். பதக்கத்துக்கு இத்தனை புள்ளி, தோற்றால் இத்தனை கழிவு, காயம் பட்டால் இத்தனை என்று சுவர் நீளத்துக்கு ஒரு பட்டியல். கூட்டிப் பார்த்தால் முதலிடத்தில் வந்து நின்றவர் ஒரு மல்யுத்த வீரர். ஆறு தங்கம், ஒரு தோல்வி கிடையாது, உடம்பில் ஒரு கீறல் கிடையாது. எப்படி இருக்கும்? அவருடைய எடைப் பிரிவில் ஆறு வருஷமும் எதிராளியே வரவில்லை, மேடையேறிக் கையைத் தூக்கிவிட்டு இறங்கி வருவார். இதை நான் சொன்னபோது, சூத்திரத்தில் எதிராளிக்கு இடமே இல்லையே என்று கணக்குப் பேராசிரியர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். நான்கு கூட்டங்கள் இப்படியே ஓடின. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது கூட்டத்துக்குத் துணைவேந்தரே வந்தார், என் சிரிப்பும் அதோடு நின்றது. உங்களுக்கெல்லாம் கண் முன்னால் இருப்பது தெரியாதா, பத்தொன்பது வருஷமாக ஒருவரும் தொட முடியாத ஒரு சாதனை இருக்கே, ஐந்து மீட்டர் தொண்ணூற்றெட்டு, நானே என் கையால அளந்தேன் என்றார். அவ்வளவுதான், நான்கு பேரும் அதைத்தான் நாங்களும் சொல்ல இருந்தோம் என்றார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், பணிவு என்று நினைத்திருப்பார்கள்.

பாப்பா, இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் படி என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, கோபப்பட்டுக்கொண்டாவது படி. நம் ஸ்டோரில் அப்போது இருந்தது ஒரே ஒரு முப்பது மீட்டர் டேப். மைதானத்து உருளை ஏறி அதன் முதல் பத்து சென்டிமீட்டர் பிய்ந்துபோனது. புது டேப் வேண்டும் என்று எழுதினேன். மீதி இருபத்தொன்பது மீட்டர் தொண்ணூறு சென்டிமீட்டர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று கேட்டுப் பதில் வந்தது. இருக்கிறது என்று எழுதித் தொலைத்தேன், அப்படியானால் புதியது தேவையில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். நான் பத்து என்ற எண் இருந்த இடத்தில் நுனி வளையத்தைத் தைத்து மாட்டினேன், அளவு பூஜ்யத்துக்குப் பதில் பத்திலிருந்து தொடங்கும். அதனால் அந்த டேப்பில் எதை அளந்தாலும் பத்து கூடுதலாகக் காட்டும், படித்துவிட்டுப் பத்தைக் கழிக்க வேண்டும். எங்கள் துறையில் பியூன் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது, வாய் எண்ணைப் படிக்கும்போதே மனசு கழித்துவிடும். வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

நீ தாண்டிய அன்று அளக்க வேண்டியவன் நான். சொந்த மகளுக்கு அப்பனே அளந்தான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று, கௌரவ நடுவராக வந்திருந்த வேதியியல் பேராசிரியர் கையில் டேப்பைக் கொடுத்தேன். எவ்வளவு யோக்கியன் நான் என்று ஊர் பார்க்கட்டும் என்று நினைத்து மைதானத்தின் மறு கோடிக்குப் போய் குண்டு எறிகிற இடத்தில் நின்றுகொண்டேன். என் யோக்கியதையைக் காட்டுகிற அவசரத்தில் பத்தைக் கழிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வேதியியல் பேராசிரியர்தான் இன்றைக்குத் துணைவேந்தர். சாயங்காலம் முடிவுத் தாள் பதிவேட்டில் ஏற்றுவதற்காக என்னிடம் வந்தது. முந்தின நாள் வரை ஐந்தே கால் மீட்டரைத் தாண்டாத பெண்ணெல்லாம் அதில் ஐந்து முப்பது, ஐந்து முப்பத்திரண்டு என்று இருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே அளவு கூடியதால் நீ ஜெயித்தது ஜெயித்ததுதான், தங்கம் உன்னுடையதுதான், அதில் யாரும் வாய் வைக்க முடியாது. ஆனால் நீ தாண்டியது ஐந்து எண்பத்தெட்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், நாமெல்லாம் வெட்டுக்கிளி என்று பட்டப்பேர் வைத்துக் கூப்பிட்ட உன் சீனியர் பெண் தாண்டியது ஐந்து தொண்ணூற்றொன்று, அதை நானே அளந்து நானே பத்தைக் கழித்து எழுதினேன். சாதனை அவளுடையது. பேனாவை எடுத்தேன், அந்த நேரம் பார்த்து நீ ஓடி வந்து அப்பா, நான் வெட்டுக்கிளி அக்காவையே தாண்டிட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். தொண்ணூற்றெட்டு என்றே எழுதினேன். அது மறதி இல்லை பாப்பா, தெரிந்தே எழுதினேன்.

ஐந்தாவது கூட்டத்தில் கைதட்டல் அடங்கியதும் எழுந்து நின்று இதையெல்லாம் சொன்னேன். ஸ்டோரிலிருந்து அந்த டேப்பை எடுத்துவரச் சொன்னேன். கணக்குப் பேராசிரியர் ஸ்கேல் வைத்துப் பார்த்து, ஆமாம், பத்து இல்லை என்றார். வரலாற்றுப் பேராசிரியர், ஆவணம் இல்லாத வாய்மொழியை நம்பினால் எங்கள் துறையையே மூட வேண்டியதுதான் என்றார். துணைவேந்தர் மட்டும் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஆய்வகத்தில் ஒரு துளிகூடப் பிசகாமல் அளந்தவன் நான், ஒரு டேப்பைப் படிக்கத் தெரியாதா எனக்கு என்று கேட்டார். அதன் பிறகு யார் பேசுவார்கள்? கூட்டக் குறிப்பை உனக்கு அப்படியே எழுதுகிறேன், என் சொல் ஒன்றும் சேர்க்கவில்லை: டேப் பத்து சென்டிமீட்டர் குறைவாக இருப்பது கண்டறியப்பட்டது, அதைக் கொண்டு எடுத்த அளவு சரியானது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது, தம் மகளின் சாதனை குறித்துத் தன்னடக்கத்தோடு பேசிய ஓய்வு பெற்ற ஸ்டோர் கீப்பருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. உண்மையைச் சொன்னதற்கு எனக்கு டீயோடு ஒரு பிஸ்கட் கூடுதலாக வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்துக் கீழே வைத்தாள். பிறகு, குழுக்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, சொல்ல வேண்டியவகிட்ட சொன்னீங்களா என்று கேட்டாள். மறுநாள் காலையில் வெட்டுக்கிளியைப் பார்க்கப் போனேன். உனக்குத்தான் தெரியுமே, அவள் நம் நூலகத்தில் புத்தகம் கொடுக்கிற மேசையில் இருக்கிறாள், தலை பாதி நரைத்துவிட்டது, ஆனால் உயரத்து அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்க இன்னமும் ஏணி வைப்பதில்லை, எம்பித்தான் எடுக்கிறாள். வரிசையில் நின்று என் முறை வந்ததும் சொன்னேன். தேதி முத்திரை குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டாள். எனக்குத் தெரியும்ண்ணே, அன்னைக்குப் பலகை பக்கத்துல கொடியைப் பிடிச்சுக்கிட்டு நான்தானே நின்னேன், அவர் கழிக்கலைன்னு அப்பவே பார்த்தேன் என்றாள். அப்பவே ஏம்மா சொல்லலை என்று கேட்டேன். நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன், அன்னைக்குச் சாயங்காலம் சொல்லுவீங்க, மறுநாள் சொல்லுவீங்கன்னு பார்த்தேன், அப்புறம் பார்க்கிறதை விட்டுட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், கோபமே இல்லை. பாப்பா எப்படி இருக்கா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது, நகர்ந்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக அவளைத் தினம் பார்த்து வணக்கம் சொல்லியிருக்கிறேன், அவளும் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அழைப்புக் கடிதம் உனக்கு இந்த வாரம் வரும். என் பேச்சைத்தான் தன்னடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள், நீயே, இந்தப் பெருமை எனக்கு வேண்டாம், உரியவள் அங்கேயே நூலகத்தில் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டு எழுதினால் அதை என்ன பேர் சொல்லித் தள்ளுவார்கள் பார்ப்போம். எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன், உன்னைக் கேட்காமல் உன் தலையில் ஒரு பொய்யைக் கட்டியவன் நான், இப்போது கேட்காமல் உண்மையையும் கட்டக் கூடாது. உனக்குப் பதினெட்டு வயசிலிருந்து தினமும் விடியலில் சைக்கிளில் பின்னால் வந்தவன் நான், நீ தாண்டிய ஐந்து எண்பத்தெட்டு எனக்குப் போதும், அன்றைக்கும் போதுமானதாகத்தான் இருந்தது, அதை நான் அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன்.

இதையெல்லாம் நீ வரும்போது நேரில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நேற்று உன் அம்மா உன்னோடு பேசிவிட்டு வந்து ஒன்று சொன்னாள், அதற்குப் பிறகு இருக்க முடியவில்லை. நீ பயிற்சி கொடுக்கிற பள்ளியில் ஒரு பெண் ஐந்து தொண்ணூறு தாண்டுகிறாளாம், நீ மணல் குழி ஓரத்தில் உன் ஐந்து தொண்ணூற்றெட்டுக்குச் சிவப்புக் கோடு போட்டு, அதைத் தொடாமல் பெரிய போட்டிக்குப் பேர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம், அவள் அழுதுகொண்டே போனாளாம், பேர் கொடுக்க நாளைதான் கடைசி நாளாம். உள்ளரங்கத்தின் பேர் மெதுவாக மாறட்டும், மாறாமலே போகட்டும், அது கல்லும் சிமென்ட்டும். நீ முதலில் அந்தப் பெண்ணின் பேரைக் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரமான ஓடுதளத்தில் பேத்தியை ஓட விடாதே, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். உங்கள் மூவருக்கும் எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உண்டு, நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் உண்டு. ஒரே ஒரு ஞாபகப்படுத்தல். அந்தப் பெண் உன்னைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் போய்விட்டாள், அதை அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடு, அவள் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா