ஜன்னலோரத்துப் பூவாளி

ஜனவரி 7, செவ்வாய்

நாற்பது தட்டு தக்காளி நாற்றையும் அளந்து முடிக்கப் பத்தே முக்கால் ஆகிவிட்டது. முதுகு விட்டுப்போயிற்று. இருபது தட்டுக்கு வெறும் தண்ணீர். இருபது தட்டுக்கு வாரம் ஒருமுறை, சீக்கிரம் வளருமா என்று பார்க்க, பாசிக் கரைசல், மற்ற நாட்களில் தண்ணீர். கரைசல் தட்டுகள் சராசரியாக ஒன்பது மில்லிமீட்டர் கூடுதல் உயரம். மூன்று வாரமாக இந்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போகிறது.

அவசரம் பதினோரு மணிக்கு வந்து என் அளவு நோட்டைப் பார்த்துவிட்டுக் கிட்டத்தட்டக் குதித்தார். (அவசரம் – இந்த ஆராய்ச்சியை நடத்துபவர். நடையிலும் பேச்சிலும் உள்ள வேகத்துக்கு நான் வைத்த பெயர். இந்த நாட்குறிப்புக்கு வெளியே அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.) "அக்கா, இது மட்டும் நிலைச்சுட்டா எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இங்க வேலை உறுதி" என்றார். மாதக் கடைசியில் கட்டுரை இதழுக்குப் போகிறது. அவருடைய பணிக்காலம் மார்ச்சோடு சரி.

என் கையால் வளர்ந்த நாற்று என்பதில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சமென்ன, நிறையவே.

ஜனவரி 10, வெள்ளி

படிக்கட்டுப் பக்கத்துப் பலகையில் இந்த மாதத் தாள்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு மாடியும் புதிதாகக் கண்டதை எல்லோருக்கும் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். எல்லோருக்கும் புரிகிறதா என்பது வேறு விஷயம். சாப்பிட்டுவிட்டு ஒன்று விடாமல் படிப்பேன்.

இரண்டாம் மாடி, ஈரச் சுவரிலும் ஒட்டும் பசை கண்டுபிடித்திருக்கிறது. எங்கள் வீட்டுக் குளியலறைக்கு அது எப்போது வருமோ? நான்காம் மாடி, ஒரு வண்டைப் பற்றி எழுதியிருக்கிறது. இட்ட முட்டையில் ஒன்று குறைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடுகிறதாம். காயப்போட்ட துணியை எண்ணாமல் எடுத்து வருபவள் நான்.

மூன்றாம் மாடி இயற்பியல்காரர்கள்தான் உச்சம். அவர்களுடைய நுண்கருவியில் தினமும் காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் ஒரு சின்ன அதிர்வு. பூமிக்கடியிலிருந்து ஏதோ புதிய சேதி என்று ஐந்து மாதம் துரத்தியிருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் லிஃப்ட்! அதையும் வெட்கப்படாமல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஜனவரி 13, திங்கள்

மூன்று நாளாக அந்த லிஃப்ட் மனதை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. எங்கள் அறையில் அப்படி ஒன்று இருந்தால்?

வெளிச்சமா? தட்டுகள் இருக்கும் இரண்டு அலமாரிகளையும் வாரா வாரம் இடம் மாற்றுகிறோம். மண்? எல்லாம் ஒரே மூட்டை. விதை? ஒரே பை. அப்புறம் என்ன மிச்சம் – நான்தான்.

வேண்டாத யோசனை. ஆனால் சுவாரசியமாக இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

இரண்டாவது பூவாளியில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது.

ஜனவரி 16, வியாழன்

தெளிவாக எழுதிப் பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு இரண்டு பூவாளிகளை நிரப்புகிறேன். முதல் பூவாளியை உடனே வெறும் தண்ணீர் தட்டுகளுக்கு ஊற்றிவிட்டு, அவற்றை அளக்க உட்காருகிறேன். அதற்கே ஒன்றரை மணி நேரம். அதன் பிறகுதான் கரைசல் தட்டுகளைத் தொடுவேன். கையிலோ பூவாளியிலோ ஒட்டிய ஒரு சொட்டுக் கரைசல்கூட மற்ற தட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று நானாக வைத்துக்கொண்ட வரிசை இது. யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரமும் இரண்டாவது பூவாளி ஜன்னலோர வெயிலில் இருக்கிறது.

வெப்பமானி வைத்துப் பார்த்தேன். முதல் பூவாளி, இந்த ஊர் ஜனவரிக் குளிரில், பன்னிரண்டு டிகிரி. இரண்டாவது இருபத்து மூன்று.

குளிர்ந்த தண்ணீர் குடித்த நாற்று குட்டை, இதமான தண்ணீர் குடித்த நாற்று நெட்டை. கரைசல் ஒன்றுமே செய்யவில்லை என்றால்? என் ஜாக்கிரதையே இத்தனையும் செய்திருந்தால்?

ஜனவரி 18, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மேசைக் காலுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். தச்சருக்கு விடுமுறையிலும் மரம்தான். "நீ வாயத் திறக்கலைன்னா யாருக்கு என்ன நஷ்டம்? அந்தப் பையன் பொழைச்சுப் போகட்டுமே" என்றார்.

நாற்றுப் பண்ணைக்காரர்கள் இதை நம்பி வாங்குவார்கள் என்றேன். மேசைக் காலைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். பிறகு, "அது நிஜமாவே தண்ணிதானா? எப்படிக் கண்டுபிடிப்பே?" என்றார்.

அதுதான் எனக்கும் தெரிய வேண்டும். பயத்தைவிட அதுதான் அதிகமாக அரிக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

சொல்லிவிட்டேன். சொல்லியே இருக்கக் கூடாது.

முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "அக்கா, தண்ணி ஊத்துறது உங்க வேலை. யோசிக்கிறது என் வேலை" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்துகொண்டு போய்விட்டான்.

ஏழு வருஷம்! ஒரு நாள் லேட்டா வந்திருப்பேனா? ஒரு அளவு தப்பா எழுதியிருப்பேனா? என்ன திமிரு இருந்தா இப்படிச் சொல்லுவான் – நான் யோசிக்காம ஊத்தியிருந்தா இவனுக்கு இந்த ஒம்பது மில்லிமீட்டர் வந்திருக்குமா?

அவன் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

வந்தார். நோட்டை எடுத்தார். போனார்.

ஜனவரி 22, புதன்

காலை எட்டு மணி. பூவாளியோடு திரும்பினால் வாசலில் அவசரம். இந்த நேரத்தில் அவர் இந்த அறையைப் பார்த்ததே இல்லை. ஒன்றரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னலோரத்துப் பூவாளிக்குள் விரலை விட்டார். எடுக்கவே இல்லை.

"கோடையில பண்ணின முதல் சோதனை ஞாபகம் இருக்காக்கா?"

"வித்தியாசமே வரலைன்னு தூக்கிப் போட்டோமே, அதுவா?"

"கோடையில குழாய்த் தண்ணியே சூடுதானே. ரெண்டு பூவாளியும் ஒண்ணாத்தான் இருந்திருக்கும்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அப்புறம், "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றார். சரி என்று தலையாட்டினேன். உடனே இறங்கிவிடுகிற கோபமா அது? ஆனாலும் பாதி இறங்கிவிட்டது.

ஜனவரி 23, வியாழன்

துறைத் தலைவர் அம்மாவிடம் இருவரும் போனோம். எல்லாம் கேட்டுவிட்டு அவசரத்திடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இப்ப அனுப்பலைன்னா மார்ச்சுக்குள்ள உங்க கையில கட்டுரை இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும்மா" என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

புதிதாக விதைத்தாயிற்று. நான்கு கூட்டம்: குளிர்ந்த தண்ணீர், இதமான தண்ணீர், ஒவ்வொன்றிலும் பாதிக்குக் கரைசல் உண்டு, பாதிக்கு இல்லை. எந்தத் தட்டுக்குக் கரைசல் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கரைசலைத் தலைவர் அம்மாவே ஊற்றுகிறார். எவை கரைசல் தட்டுகள் என்று எண் எழுதி வைத்த உறை அவருடைய மேசை இழுப்பறையில். ஊற்றும் வரிசையைத் தினமும் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். சீட்டுகளைப் போட என் சாப்பாட்டு டப்பா.

பிப்ரவரி 5, புதன்

தெரியாமல் அளப்பது புது ருசி. முன்பெல்லாம் கரைசல் தட்டு என்றாலே அளவுகோல் கொஞ்சம் தாராளமாகிவிடுமோ என்னவோ! இப்போது எல்லா நாற்றும் எனக்கு ஒன்றுதான். வீட்டுக்காரர் தினமும் கதவைத் திறந்ததும் கேட்பது: "எது ஜெயிக்குது?"

பிப்ரவரி 13, வியாழன்

அவசரம் பதினேழாம் தட்டின் முன் நின்று, "இதுதான் கரைசல், பந்தயம்" என்றார். இருபத்தாறு என்றேன் நான்.

பிப்ரவரி 21, வெள்ளி

உறையைப் பிரித்தோம். இதமான தண்ணீர் குடித்தவை எல்லாமே நெட்டை. கரைசல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பதினேழும் வெறும் தண்ணீர், இருபத்தாறும் வெறும் தண்ணீர். பந்தயத்தில் இருவரும் அவுட்.

அவசரம் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் பூவாளிகளைக் கழுவப் போய்விட்டேன். கழுவ வேண்டிய அவசியமே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

பலகையில் எங்கள் தாள். தலைப்பு: 'நாற்றை வளர்த்தது எது?' அவசரம் எழுதியது. தண்ணீர் ஊற்றும் வரிசையை முதலில் சந்தேகித்தவர் ஆய்வக உதவியாளர் என்று ஒரு வரி. மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்து, "எங்க லிஃப்டுக்குத் துணை கிடைச்சாச்சு" என்று கை கொடுத்தார். போகும்போது தயங்கி, "ஒரு நாள் எங்க அறையையும் வந்து பாருங்களேன்" என்றார்.

மார்ச் 31, திங்கள்

அவசரத்துக்குப் பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. ஒரு பெட்டி, ஒரு குடை. படி இறங்கும்போது முதல்முறையாக மெதுவாக நடந்தார். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாள் முழுக்க அழுகை முட்டிக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

மதியம் அவசரத்தின் போன். வேறு ஆய்வகத்தில் வேலை கிடைத்து இன்றுதான் முதல் நாளாம்! நேர்முகத்தில், கையில் ஏன் கட்டுரை இல்லை என்று கேட்டார்களாம். பூவாளிக் கதையைச் சொன்னாராம். அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார்களாம்.

"இங்க மீன்தொட்டிகளைப் பாத்துக்குற அண்ணன் ஒருத்தர் இருக்கார் அக்கா. பன்னிரண்டு வருஷமா இருக்காராம். பைய வெச்சதும் நேரா அவர்கிட்ட போய், எந்தத் தொட்டிக்கு முதல்ல இரை போடுவீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஸ்டூலை இழுத்துப் போட்டு, உக்காருங்க, சொல்ல நிறைய இருக்குன்னார்."

என்ன சொன்னாராம் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். அவசரம் அவசரம்தான்.