நீ அடித்த மூன்று மணிக்கு என் பதில்

என் அன்பு நைனாவுக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்காமல் எனக்கு எந்தப் பேச்சையும் ஆரம்பிக்க வராது. போன வருஷம் நீ போன பிறகு அதை உன் போட்டோவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று கேட்க ஒன்றுமில்லை, சொல்லத்தான் இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து இருபது நாளாகிறது. வயிற்றில் இருந்தது சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது.

இன்னா ஆபரேஷன், எனக்கு யாரும் சொல்லலையே என்பாய். சொல்கிறேன், கோபப்படாமல் கேள்.

உன் காரியம் முடிந்த மறுநாள் காலை அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் உள்ளே மூன்று வெள்ளைப் புள்ளிகள். ஒன்று, ஒன்று, ஒன்று என்று விட்டுவிட்டு வந்து, மூன்றாவதோடு நின்றுவிட்டன. சத்தம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அடி மாதிரி விழுந்தது. இரண்டு நாள் கழித்து ரேஷன் கடையில் நிற்கும்போது வந்தது. அப்புறம் வாரத்துக்கு நாலு தடவையாவது வரும். கண் டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்றார். உன் பேத்தி போனில் தேடிவிட்டு, "இது ஆன்மா முழிச்சிக்கிற அடையாளமாம்மா. இன்னொன்னுல பித்தம்னு போட்டிருக்கு" என்றாள்.

எனக்குப் போன் தேவைப்படவில்லை. ஊரிகம் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டில் பிறந்தவளுக்கு அது மணி என்று தெரியாதா? ஷிப்ட் ஆட்கள் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறியதும் மூன்று தடவை மணி அடிக்கும். கொஞ்ச நேரத்தில் கேஜ் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பூமிக்குள் இறங்கிவிடும். வேலிக்கு வெளியே நின்று பார்த்த எங்களுக்கு மூன்று மணி என்றால் ஆள் கீழே போகிறது என்றுதான் அர்த்தம். விளையாடும்போது யாரையாவது ஆட்டத்திலிருந்து துரத்தவும் தகரத்தில் மூன்று தட்டுவோம்.

எட்டு மாதம் இப்படியே போனது. அப்போதுதான் டாக்டர் கட்டி இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்றார். அம்மா ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வராதவள். அடுத்தது நீ. அப்படியானால் மூன்றாவது புள்ளி யார்? நீதான் என்னைக் கூப்பிடுகிறாய் என்று முடிவே கட்டிவிட்டேன். பெற்ற மகளைக் கூப்பிடுகிறாயே என்று ஒரு வாரம் உன் போட்டோவுக்குப் பூ வைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

இரண்டு தடவை தேதி வாங்கினேன், இரண்டு தடவையும் போகவில்லை. முதல் தடவை காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இரண்டாவது தடவை கோலார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மூன்று புள்ளிகள் வந்தன. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். உன் மருமகன் திட்டவில்லை. "இன்னா பயம்னு சொன்னாத்தானே எனக்குப் புரியும்" என்று மட்டும் கேட்டார். சொன்னால் பலித்துவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

உன் முதல் தெவசத்துக்கு தேவராஜ் மாமா வந்தார். நீ கீழே கேஜ் வாசலில் நின்று அடித்த மணியை, மேலே கேஜை இழுக்கும் எஞ்சினில் உட்கார்ந்து இருபது வருஷம் கேட்டவர். இலையில் சாம்பார் ஊற்றப் போனபோது, "இன்னாம்மா, ரெண்டு தபா தேதி வாங்கிட்டு போவலையாமே" என்றார். உன் மருமகன் போட்டுக்கொடுத்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரண்டியும் கையுமாக அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார்.

"மூணுன்னா கீழ போறதுன்னு உனக்கு எவன் சொன்னான்? கீழ போறதுக்கு வேற மணி, மேல வர்றதுக்கு வேற மணி. அதெல்லாம் அப்பறந்தான். மொதல்ல மூணு அடிக்கணும். கேஜ்ல ஆளு இருக்குன்னு அர்த்தம். கல்லு இல்ல, ஆளு. பாத்து மெதுவா இழுன்னு."

"கல்லுன்னா மாமா?"

"கல்லுன்னா நான் பாட்டுக்கு வேகமா இழுப்பேன். மூணு கேட்டா கை தானா அடங்கிப்பூடும். உங்க நைனா மொகத்தவிட அவரு மணியத்தான் எனக்கு நல்லாத் தெரியும். மேலேர்ந்து திருப்பி மூணு வர்ற வரைக்கும் கேஜ அசைய வுடமாட்டாரு. பதில் வரலன்னா மறுபடி அடிப்பாரு. அடிச்சிக்கினே இருப்பாரு."

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நீ இன்னும் பதிலே அடிக்கலியா?" என்று கேட்டார்.

உடம்பெல்லாம் லேசாகிவிட்டது நைனா. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து மூன்று மணி அடிப்பாயே, நினைவிருக்கிறதா? நானும் திருப்பி மூன்று அடித்தால்தான் பெடலை மிதிப்பாய். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தேன். நாற்பது வருஷம் அது எங்கே போய் ஒளிந்துகொண்டிருந்தது?

மூன்றாவது தேதிக்குப் போனேன். மயக்க ஊசி போடும் முன் மேஜை விளிம்பில் விரலால் மூன்று தட்டினேன். "ஏனம்மா அது?" என்றாள் நர்ஸ். உள்ளே ஆள் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள் என்று கன்னடத்தில் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, சரி என்பதற்கு, "ஆய்த்தம்மா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கண் விழித்தபோது உன் மருமகன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். "வந்துட்டியா" என்றார்.

"தாத்தா இல்லம்மா, உன் மனசுதான் பழச எடுத்துக் காட்டியிருக்கு" என்கிறாள் உன் பேத்தி. இருக்கலாம். ஆனால் என் மனசுக்கு அந்த மணியைப் பழக்கியது யார்?

வீட்டுக்கு வந்த அன்று உன் இரும்புக் கட்டிலின் காலில் மூன்று தட்டினேன். அதற்கப்புறம் புள்ளிகள் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்புறம் கொஞ்சம் அழுதேன், அதையும் உன்னிடம் மறைப்பானேன்.

ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன தேதியில் போவேன். பயம் வந்தால் உன் மருமகனிடம் வாய்விட்டுச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. பதில் வராத மணியை ஒரு வருஷம் அடித்துக்கொண்டு நின்றாயே, கை வலிக்கவில்லையா நைனா? போதும், இனி மணிக் கயிற்றை விட்டுவிட்டு உட்கார்.

பத்திரமாக மேலே வந்து சேர்ந்துவிட்ட
உன் மகள்