பட்டியலில் இல்லாத வீடு

ஏங்க,

இருபத்தாறு வருஷம் இப்படித்தானே கூப்பிட்டேன். பிரியமாகக் கூப்பிட வேறு வார்த்தை எனக்கு வராது.

நம் வீட்டில் பாதியை இடித்துவிட்டார்கள். இதை எழுதும்போது அழுகை வரவில்லை. இடிக்கும்போதும் வரவில்லை. உள்ளே உட்கார்ந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தம்பிதான். நீங்கள் கண்ணை மூடிய பிறகு பாகம் பிரித்ததில் கிழக்குப் பாதி அவருக்கு வந்தது. கீழே கடை, மேலே போர்ஷன் என்று பிளான் போட்டு, சிமெண்ட் பர்மிட்டும் வாங்கிவிட்டார். முகப்புத் தூண் நான்கில் இரண்டு போயிற்று. தொப்பூரில் ரோட்டோரம் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

இடிக்கும் முன்பே பேரூராட்சி ஆபீசுக்குப் போனேன். நீங்கள் ஓவர்சியராக இருந்து, வீடு வீடாக டேப் பிடித்து எழுதிய குறிப்பு இருக்கிறதே என்ற தைரியம். நம் தெருவில் பழைய முகப்பை மாற்றக் கூடாது, தூணும் ஓட்டுச் சரிவும் அப்படியே நிற்க வேண்டும், உள்ளே இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாம், மாடி எடுத்தால் தெருவுக்குத் தெரியக் கூடாது. இதைப் பார்த்துத்தான் பிளான் பாஸ் பண்ண வேண்டும் என்று தீர்மானமே போட்டார்களே! கூடவே வீடுகளின் பட்டியலும் இருந்தது. கிளார்க் மாணிக்கம் ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். எதிர் வீடு இருக்கிறது, ஜவுளிக்கடை காதர் பாய் வீடு இருக்கிறது, பூட்டிக் கிடக்கும் தெருக்கோடி வீடுகூட இருக்கிறது. எல்லாம் உங்கள் கையெழுத்து. நம் வீடு மட்டும் இல்லை.

மாணிக்கம் தலை நிமிராமல் சொன்னார். "சார்தாங்க வேணாம்னாரு. அளந்தவன் தன் வூட்டையே பெருமையா எழுதிக்கிட்டான்னு ஊர்ல பேசுவாங்க, உட்டுருன்னாருங்க."

என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஆபீசில் யார் லீவு என்பதுவரை என்னிடம் சொல்வீர்களே. உங்களுக்கு நல்ல பேர் வேண்டியிருந்தது, எனக்கு வீடு வேண்டியிருந்தது. இதைக் கோபம் என்று சொல்லலாமா, தெரியவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருக்கிறது.

அந்த நல்ல பேராவது கிடைத்ததா? எல்லார் கையையும் கட்டிப் போட்டுவிட்டு ஓவர்சியர் தன் வீட்டை மட்டும் நைசாகத் தப்பிக்க விட்டார் என்று தெருவே பேசுகிறது. பட்டியலையே ரத்து பண்ணச் சொல்லி மனு எழுதிவிட்டார்கள். காதர் பாய் அதை எடுத்துக்கொண்டு என்னிடமே கையெழுத்துக்கு வந்தார். முகப்பை எடுத்துவிட்டு மகனுக்கு ஒரு கடை வைத்துத் தர வேண்டுமாம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

"உன் வூடே போயிருச்சு தங்கச்சி. எங்களுக்கு மட்டும் எதுக்கு இந்தச் சட்டம்?" என்றார்.

பேனாவை வாங்கிவிட்டேன். உங்களிடம் மறைக்கவில்லை. பட்டியல் ஒழிந்தாலும் ஒழியாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை. என் பாதியையும் கொடுத்தால் மாடியில் குழாய் வைத்த போர்ஷன் ஒன்று எனக்கு என்று உங்கள் தம்பி சொல்லியிருந்தார். இந்த வயசில் கிணற்றடிக்கு நடக்க வேண்டாம் பாருங்கள்.

நீங்கள் கள்ளத்தனமாகத் தப்பித்துக்கொண்டீர்கள் என்று தெரு சொல்வதற்கு நான் கையெழுத்துப் போடுவதா? அது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. மனுவைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகிலேயே எழுதினேன். மிச்சமிருக்கும் மேற்குப் பாதியை, இரண்டு தூணோடு, பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு உள்ள நிபந்தனை எல்லாம் எனக்கும் சம்மதம் என்று.

பாய் அதைப் படித்தார். "வேற பேப்பர் கெடைக்கலியா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவரே அதைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தாராம். பட்டியல் இன்னும் ரத்தாகவில்லை. உங்கள் எழுத்துக்குக் கீழே மாணிக்கம் நம் வீட்டைச் சேர்த்துவிட்டார்.

போர்ஷன் போயிற்று. உங்கள் தம்பி பேசுவதில்லை. இடித்த பக்கத்துக்குத் தகரம் அடித்திருக்கிறது, மழை பெய்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது.

நான் இருக்கும்வரை மிச்சப் பாதியில் யாரும் கை வைக்க முடியாது. இது சத்தியம். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் கை வரவில்லை.

உங்கள் மனைவி,
சரோஜா