சார் உரக்கப் படித்த மெசேஜ்

சார்,

நேற்று உங்கள் படத்திறப்புக்குக் கட்டிக்கொண்டு போன புடவையை பீரோவில் திரும்ப வைக்கும்போது, அடித்தட்டில் அந்தப் பழைய ஃபோன் கையில் தட்டுப்பட்டது. எடுத்ததும் கட்டைவிரல் தானாகத் திரையைத் தள்ளியது. டக் என்று சறுக்கி, அடியிலிருந்து கீபோர்டு வெளியே வந்தது. அந்தச் சத்தத்தோடு உங்கள் முகமும் வந்தது. செத்துப்போனவர் என்று இரக்கம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

நாவலூர் ஆபீஸில் எல்லாரும் டச் ஃபோனுக்கு மாறியபோதும் நான் அதை விடவில்லை. எங்கள் டீமுக்கே தலைவரான நீங்கள்தான் எனக்கு "டைப்ரைட்டர் மேடம்" என்று பெயர் வைத்தீர்கள். எனக்கு அதில் ரோஷமில்லை. பொத்தான்கள் மேடாக இருக்கும். பார்க்காமலே விரலுக்கு எழுத்து தெரியும். தாம்பரத்திலிருந்து கிளம்பும் ஆபீஸ் வேனில், ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தபடியே அம்மாவுக்கு முழு மெசேஜ் அடித்துவிடுவேன். உங்கள் மீட்டிங் இழுத்துக்கொண்டே போகும்போது, மேஜைக்கு அடியில் துப்பட்டாவுக்குள் அடிப்பேன். கண் உங்கள் மேல் இருக்கும், தலை ஆமாம் போட்டுக்கொண்டிருக்கும். மூடும்போது வரும் அந்த டக் சத்தம்தான் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மீட்டிங் முடியும்வரை மூடாமல் மடியிலேயே வைத்திருப்பேன். ஆனால் மூடினால்தான் அது பூட்டிக்கொள்ளும்.

அன்றைக்கும் திறந்துதான் இருந்தது. காலையில் ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வாங்கிக்கொண்டு நேரே வேலைக்கு வந்திருந்தேன். என் கணவருக்கு அடித்தேன்: இந்த மாசமும் இல்லை, இனிமே வாய்ப்பில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அத்தைகிட்ட நீயே சொல்லிடு, எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு மட்டும் கண் மடியிலேயே இருந்துவிட்டது. நிமிர்ந்தால் நீங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். குனிந்து என் மடியிலிருந்து ஃபோனை எடுத்துக்கொண்டீர்கள்.

"என்ன டைப்ரைட்டர் மேடம், அவ்ளோ அர்ஜென்ட்டா என்ன ஓடுது? நாங்களும் கேக்குறோமே."

"பர்சனல் சார், ப்ளீஸ், குடுத்துடுங்க."

நீங்கள் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தீர்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தேன். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்திப் படித்தீர்கள். என் பக்கத்து நாற்காலி முரளி அதற்கே சிரித்துவிட்டான். டாக்டர் என்ற இடம் வந்ததும் உங்கள் குரல் நின்றது. உங்களுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே ஃபோனை என் கையில் கொடுத்திருந்தால் மன்னித்திருப்பேன், சத்தியமாக. ஆனால் ஆரம்பித்ததைப் பாதியில் விட்டால் உங்கள் கெத்து என்ன ஆவது? கடைசி வரை படித்தீர்கள். அத்தை, தைரியம், எல்லாம். பிறகு ஃபோனை மேஜையில் வைத்து, "ஆபீஸ்ல ஆபீஸ் வேலைய மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு மீட்டிங்கைத் தொடர்ந்தீர்கள்.

எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அது உங்கள் குற்றமில்லை. என் அம்மாவிடம்கூட அதுவரை சொல்லாததை அந்த அறை உங்கள் வாயால் தெரிந்துகொண்டதே, அது உங்கள் குற்றம். அதற்கப்புறம் ஆபீஸில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் அழைப்பு என் மேஜையைச் சுற்றிக்கொண்டு போனது. பாவம் பார்த்தார்களாம். நீங்கள் ஒரு சாரி சொல்லவில்லை. நானும் வேலையை விடவில்லை. விட்டால் நீங்கள் ஜெயித்ததாகிவிடும். நீங்கள் ரிட்டையர் ஆகும் அன்றைக்கு மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்வது என்று வைத்திருந்தேன். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மனுஷன் தப்பித்துவிட்டார் என்று ஆத்திரமாக வந்தது.

உங்கள் மகள்தான் வழி செய்து கொடுத்தாள். போன வாரம் கூப்பிட்டாள்.

"படத்திறப்பு அன்னிக்கு அப்பா ஃப்ரெண்ட்ஸ் எழுதுறதெல்லாம் நானே படிக்கப் போறேன் ஆன்ட்டி. நீங்களும் நாலு வரி அனுப்புங்க. உங்களப் பத்தி வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. கீபோர்டப் பாக்காமலே டைப் அடிப்பீங்களாமே?"

"வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் இல்லயே. ஏன் ஆன்ட்டி?"

மிச்சத்தை விழுங்கிவிட்டு வேடிக்கையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். 'ஒரு மீட்டிங்கில் நான் அடித்த மெசேஜை சார் எடுத்து எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். அந்தக் குரலை நான் இன்றுவரை மறக்கவில்லை' என்று எழுதி அனுப்பினேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்து மண்டபத்தில், மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அவள் அதைப் படித்தாள். அப்பாவின் குறும்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே படித்தாள். சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மட்டும் தரையைப் பார்த்தார்கள். முரளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பப் போயி இதெல்லாம் தேவையா? மனுஷன் போயே சேந்துட்டாரு."

"அன்னிக்கு நீ சிரிச்சியே, அது தேவையா?"

அவன் சாப்பிடப் போய்விட்டான்.

பந்தியில் உங்கள் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உங்கள் நெற்றி, உங்கள் மூக்கு. "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க ஆன்ட்டி. ஆமா, அந்த மெசேஜ்ல அப்படி என்னதான் இருந்துச்சு?"

ஞாபகம் இல்லம்மா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவள் ஒரு பாவமும் அறியாதவள். ஆனால் அன்றைக்கு நானும் ஒரு பாவமும் அறியாதவள்தான், சார்.

"முரளி அங்கிள் என் பக்கத்துலதான் இருந்தாரு. அவரக் கேளும்மா, ஒரு வரி விடாம சொல்லுவாரு."

அவள் எழுந்து எதிர்வரிசைக்குப் போனாள். நான் கை கழுவப் போனேன். குழாயடியிலிருந்து பார்த்தேன். முரளி முதலில் தலையை ஆட்டி மறுத்தான். அவள் விடவில்லை. அவன் குனிந்துகொண்டே சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு இறங்கியது. பிறகு மெதுவாகத் திரும்பி உங்கள் படத்தைப் பார்த்தாள்.

ஆளே போன பிறகு கோபம் எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். எனக்குப் போகவில்லை சார், அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷம் அதை நான் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். நேற்றிலிருந்து உங்கள் வீட்டிலும் ஒருத்தி தூக்குகிறாள்.