நாரி என்றால் இடுப்பு

என் அன்பு அண்ணிக்கு,

வட்டகொடையில் மழை விடவில்லை. நம் லயத்து வீட்டுக் கூரை இன்னும் உங்கள் அடுப்புக்கு மேலேதான் ஒழுகுகிறது. தகரம் தருகிறேன் என்ற தோட்டத்துத் துரை மாற்றலாகிப் போய்விட்டார். நல்ல செய்தியாகச் சொல்ல ஒன்றுமில்லை, அண்ணி. உங்கள் செல்விக்கும் மூச்சு வாங்குகிறது. சின்ன வயதில் உங்களுக்கு வந்த அதே மூட்டுக் காய்ச்சல்தான் அவள் இதய வால்வையும் சுருக்கிவிட்டதாம். வருகிற வாரம் கொழும்புக்குப் போகிறோம்.

உங்களுக்குச் செய்ததைத்தான் அவளுக்கும் செய்யப் போகிறார்கள். நெஞ்சைக் கிழிக்காமல், தொடையில் ஓட்டை போட்டு, இதயம் வரை குழாயை விட்டு வால்வை விரிப்பது. "அம்மா செத்தது நெஞ்சாலயா, அந்த ஓட்டையாலயா அத்தை?" என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டையால்தான் என்றேன்.

உங்களுக்குச் செய்தது சண்டை நின்றிருந்த வருஷம். டிக்கெட் வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று, யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் நாம் தமிழாட்கள் என்று தெரிந்ததும் தானாகவே கட்டிலருகே வந்தார். நமக்குப் பெருமையாக இருந்தது. தொடை ஓட்டையைச் சின்னத் தக்கை போன்ற ஒன்றால் உள்ளேயே அடைத்திருப்பதாகவும், அது தானாகக் கரைந்துவிடும் என்றும் சொன்னார். மற்றவர்களைப் போல தொடைமேல் மண்மூட்டையை ஏற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லையாம். கடைசியில், "நாரி நொந்தால் உடன கொண்டு வாங்கோ" என்றார்.

நாரி என்று ஒரு சொல் நம் தேயிலைத் தோட்டத்தில் ஏது? வெளியே வந்ததும் அண்ணன்தான் விளக்கினார். "புண்ணு நாறி நொந்து போனா வரச் சொல்றாரு." நீங்களும் நானும் தலையாட்டினோம்.

ஊருக்கு வந்ததும் லயத்துப் படியை ஏறி, திரும்ப இறங்கி, மறுபடியும் ஏறினீர்கள். "பாத்தியா பாக்கியம், மூச்சே வாங்கல" என்றீர்கள். உங்கள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கூடையோடு வந்த பெண்களெல்லாம் நெஞ்சைப் பற்றியே விசாரித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் மட்டும் காலையும் மாலையும் குனிந்து தொடையில் போட்ட கட்டை மோந்து பார்ப்பார். வாடையே இல்லை என்று சிரிப்பார். இப்படியும் ஒரு புருஷனா என்று நான் கேலி செய்தேன்.

பிறகு இடுப்பு வலி என்றீர்கள். கொழுந்து பறிக்கிறவளுக்கு இடுப்பு வலி இல்லாத நாள் எது? தைலம் தேய்த்தோம். தக்கை சரியாகப் பிடிக்காமல், ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்து முதுகுப் பக்கம் தேங்கியதைப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொடையில் வீக்கம்கூட இல்லையே, அண்ணி. கொழுந்து லொறியில் ஏற்றும்போதே உடம்பு சில்லிட்டிருந்தது. "நெஞ்சு நல்லாத்தான் இருக்குங்க" என்று அண்ணனைத் தேற்றினீர்கள். நானுஓயா வருவதற்குள் முடிந்துவிட்டது.

போன மாதம், நான் கூட்டிப் பெருக்கும் பள்ளிக்கூடத்தில், யாழ்ப்பாணத்து டீச்சரம்மா நாற்காலியை விட்டு எழும்போது, "நாரி நோகுது" என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "இடுப்பைத்தான் சொல்லுறன்" என்றார். உங்கள் இடுப்பில் நாங்கள் தைலம் அல்லவா தேய்த்தோம். அந்த டாக்டர் சிங்களத்தில் சொல்லியிருந்தால்கூட நமக்குப் புரிந்திருக்கும். பிரியப்பட்டுத் தமிழில் சொன்னாரே. யாரைப் போய்த் திட்டுவது?

செல்வியிடம் சொன்னேன். "அப்ப நீங்களும் கூட வாங்க" என்றாள். அண்ணனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். செல்வியும் வாசித்துக் காட்ட மாட்டாள்.

இந்த முறை டாக்டர் எந்தப் பாஷையில் பேசினாலும் சரி, வலி வரும் இடத்தைக் கையை வைத்துக் காட்டச் சொல்வேன். காட்டும் வரை அங்கிருந்து நகர மாட்டேன். இது உங்களுக்குச் செய்யும் சத்தியம். அண்ணனும் பையைக் கட்டிவிட்டார். கட்டை மோந்து பார்க்க ஆள் வேண்டாமா என்கிறார். அவர் மோந்து பார்க்கட்டும், அண்ணி. இடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
பாக்கியம்